வாயைக் கட்டச் சொல்லும் வாய்களுக்கு

மாமல்லபுரம் போகிறவர்கள் யாரும் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அர்ச்சுனன் தபசு என்று ஒரு கட்சி, பகீரதன் தவம் என்று இன்னொரு கட்சி. அந்தப் பஞ்சாயத்து இங்கே வேண்டாம். ஒற்றைக் காலில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விலா எலும்பை எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு ஒட்டி உலர்ந்த ஒரு தவசி அதில் இருக்கிறார். உடம்பை மனசு ஜெயித்துவிட்டது என்பதற்கு அவர்தான் சாட்சி. கொஞ்சம் கீழே, யானைகளுக்குப் பக்கத்தில், அதே மாதிரி கைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு பூனையும் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். பல்லவர் காலத்துச் சிற்பிக்குக் குசும்பு அதிகம்.

இந்த ஊரில் சர்க்கரை நோய் வந்த ஒவ்வொருவரையும் அந்தத் தவசியாக மாறச் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பூனை :-)

"வாயைக் கட்டு." இரண்டே வார்த்தை. கல்யாணப் பந்தியில் இலையில் ஒரு ஜாங்கிரி விழுந்தால் போதும், எதிர் வரிசையிலிருந்து "ஏம்ப்பா, உனக்குச் சுகர் இல்ல?" என்று மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல் வரும். மருந்துக்கடையில் சில்லறை கொடுக்கிறவர் சொல்வார். கம்பெனி கேன்டீனில் பக்கத்து நாற்காலி சொல்லும். ஓ.பி.யில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று போனால், ரிப்போர்ட்டைப் பார்த்த மறு நொடி அங்கேயும் அதே வசனம்தான்: "வாயைக் கட்டலைன்னா நான் என்னம்மா பண்றது?" அவ்வளவுதான் ஆலோசனை. அடுத்த ஆள் வரலாம்.

இந்த வசனம் அறிவியலாகவும் தப்பு, வைத்தியமாகவும் உதவாது, நியாயமாகவும் இல்லை. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*முயலின் தலையில் ஒரு குத்து*

பாடப்புத்தகத்தில் மூளைக்கு ஒரு அத்தியாயம், கல்லீரலுக்கு ஒரு அத்தியாயம், கணையத்துக்கு ஒரு அத்தியாயம். பரீட்சைக்கு அது வசதி. உடம்புக்குள் யாரும் அப்படி அத்தியாயம் பிரித்து வைக்கவில்லை.

1849-இல் பிரான்சில் கிளாட் பெர்னார்ட் என்கிற உடலியல் அறிஞர் ஒரு முயலின் மூளைத்தண்டில், நான்காவது வென்ட்ரிக்கிள் என்கிற அறையின் தரைப்பகுதியில், ஊசியால் குத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்த முயலின் சிறுநீரில் சர்க்கரை வந்தது. முயல் ஜிலேபி சாப்பிடவில்லை. அதன் கணையத்தை யாரும் தொடவில்லை. மூளையிலிருந்து நரம்பு வழியாகப் போன உத்தரவுக்குக் கல்லீரல் தன் கிடங்கைத் திறந்துவிட்டது. இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு 70 வருஷத்துக்கு முன்னால் நடந்த கதை இது. சர்க்கரையின் அளவில் மூளைக்கும் கை உண்டு என்பது புதுச் செய்தி இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது ஒரு இந்தியரின் கதை. 1951-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பி.கே.ஆனந்த், ஜான் புரோபெக் என்ற இருவர் எலிகளின் ஹைப்போதலாமஸில் பக்கவாட்டுப் பகுதியை மட்டும் அழித்துப் பார்த்தார்கள். அந்த எலிகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டன. முன்னால் தீனி கிடக்கிறது, வாய் நன்றாக இருக்கிறது, வயிறு நன்றாக இருக்கிறது. ஆனாலும் பட்டினி கிடந்து செத்தன. அதே ஹைப்போதலாமஸின் நடுப்பகுதி கெட்டால் எலி தின்று தின்று ஊதிப் போகும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனந்த் பிற்பாடு டெல்லி எய்ம்ஸில் உடலியல் துறையைக் கட்டி எழுப்பியவர். யோகிகள் தியானத்தில் இருக்கும்போது அவர்களுடைய மூளை அலைகளைப் பதிவு செய்தவரும் அவரே. பசி என்பது நாக்கில் இருக்கிற விஷயம் இல்லை என்று உலகத்துக்குக் காட்டியதில் ஒரு இந்தியருக்குப் பங்கு இருக்கிறது. இந்தியாவில்தான் அது இன்னும் பந்தி வரைக்கும் வந்து சேரவில்லை.

மூளை உத்தரவு போடுகிறது, உறுப்புகள் கேட்டு நடக்கின்றன என்று ஒருவழிப் பாதையாக நினைத்தால் அதுவும் தப்பு. கீழேயிருந்து மேலே போகிற தபால்தான் அதிகம். கொழுப்புத் திசுவிலிருந்து லெப்டின் போகிறது ("கிடங்கு நிறைய இருக்கு"). காலி வயிற்றிலிருந்து கிரெலின் போகிறது ("பசிக்குது"). சாப்பிட்டதும் குடலிலிருந்து ஜிஎல்பி-1 போகிறது ("போதும், நிறுத்து"). கணையத்தின் இன்சுலினுக்கும் ஹைப்போதலாமஸில் ஒரு கதவு இருக்கிறது. வயிறு, குடல், கல்லீரல் எல்லாவற்றிலிருந்தும் வேகஸ் நரம்பு சேதி கொண்டுபோய்க்கொண்டே இருக்கிறது. இத்தனை பேர் பேசுகிற கூட்டத்தில், வாய் வெறும் கேட் வாட்ச்மேன். அவனை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது?

*அந்தச் சிறுமிக்கு யார் வாயைக் கட்டியது?*

லெப்டினை 1994-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது. 1999-இல் இங்கிலாந்து மருத்துவர்கள் ஒரு சிறுமியின் கதையை வெளியிட்டார்கள். வயது 9, எடை 94 கிலோ. பிறவியிலேயே அவள் உடம்பில் லெப்டின் உருவாகவில்லை. கொழுப்பு எவ்வளவு சேர்ந்தாலும் மூளைக்கு "கிடங்கு காலி" என்றே தெரிந்தது. அதனால் அடங்காத பசி. லெப்டினை ஊசியாகப் போட ஆரம்பித்தார்கள். ஒரே வருஷத்தில் 16 கிலோ இறங்கியது. சாப்பாடு தானாகக் குறைந்தது.

அதே சிறுமி. அதே வாய். அதே "மனக்கட்டுப்பாடு". மாறியது ஒரு ஹார்மோன் மட்டும்.

உடனே ஒருவர் கை தூக்குவார்: "அது லட்சத்தில் ஒருத்தருக்கு வர்ற வியாதி சார், மத்தவங்களுக்கு அதெல்லாம் இல்லையே." உண்மைதான். அது மிக மிக அபூர்வம். குண்டாக இருக்கிற மற்றவர்களுக்கு லெப்டின் குறைவாக இல்லை, அதிகமாகவே இருக்கிறது. மூளை அதைச் சரியாகக் காதில் வாங்குவதில்லை. அதனால்தான் எல்லோருக்கும் லெப்டின் ஊசி போட்டு இளைக்க வைக்கலாம் என்ற கனவு பலிக்கவில்லை. ஆனால் இங்கே கேள்வி வேறு. "சாப்பாட்டைக் குறைப்பது முழுக்க முழுக்க மன உறுதி" என்று சொன்னால், ஒரு ஊசி எப்படி மன உறுதியைக் கொடுத்தது? செமாகுளூடைடு, டிர்செபடைடு என்று இப்போது பேசப்படுகிற மருந்துகளும் இதையேதான் கேட்கின்றன. குடலின் "போதும்" என்கிற சேதியை அவை உரக்கச் சொல்கின்றன. அவற்றை எடுத்துக்கொள்கிற பலர், நாள் முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு அடங்கிவிட்டது என்கிறார்கள். டிர்செபடைடு ஊசி 2025 மார்ச்சில் இந்தியக் கடைகளுக்கு வந்தது. காசு இருப்பவருக்கு அந்த நினைப்பு ஒரு மருத்துவப் பிரச்சினை, காசு இல்லாதவருக்கு மட்டும் அது ஒழுக்கக் கேடா?

தவசி மாதிரி பட்டினி கிடந்தால் மூளை என்ன செய்யும் என்பதற்கும் சோதனை உண்டு. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர் ஆரோக்கியமான 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு பெரிய சோதனைக்குச் சேர்த்துக்கொண்டார். அதில் ஆறு மாதம் அரைப்பட்டினி. எடையில் கால்வாசி போனது. உடம்பு செலவழிக்கிற சக்தியும் கடுமையாகக் குறைந்தது, அதாவது உடம்பு தன் பட்ஜெட்டைத் தானே சுருக்கிக்கொண்டது. அதைவிட முக்கியம் மூளையில் நடந்தது. அந்த இளைஞர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு சிந்தனை இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். எரிச்சல், சோர்வு, மன இறுக்கம், நண்பர்களிடமிருந்து விலகல். இவர்கள் யாரும் பலவீனர்கள் இல்லை. கொள்கைக்காகப் போருக்குப் போக மறுத்து, அதற்குப் பதிலாக இந்தச் சோதனைக்கு முன்வந்தவர்கள். மன உறுதி என்றால் அவர்களிடம் படித்துக்கொள்ளலாம். அவர்கள் மூளையையே பட்டினி அப்படி ஆட்டி வைத்தது.

*நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்*

இனி செங்கல்பட்டுக்கு வருவோம். பரனூரில் மகேந்திரா சிட்டி, மறைமலை நகரில் தொழிற்சாலைகள், கல்பாக்கத்தில் அணுமின் நிலையம், ஓ.எம்.ஆரில் சிறுசேரி. ஜி.எஸ்.டி. சாலையில் விடியற்காலையில் நின்றால் வரிசையாகக் கம்பெனி பஸ்கள் போகும். ராத்திரி முழுக்க வேலை பார்த்தவர்கள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவார்கள். கடலோரத்தில் கோவளம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று போனால், இருட்டோடு எழுந்து படகு தள்ளுகிறவர்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று, ஊர் தூங்கும்போது விழித்திருக்க வேண்டிய பிழைப்பு.

மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, வெளிச்சத்தைப் பார்த்து மணி வைத்துக்கொள்கிற கடிகாரம். கல்லீரலுக்கும் கணையத்துக்கும் கொழுப்புக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. இந்த உயிர்க்கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டறிந்ததற்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு. கல்லீரலின் கடிகாரம் வெளிச்சத்தைவிடச் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துத் தன் முள்ளைத் திருப்பிக்கொள்ளும். ராத்திரி 2 மணிக்குப் பரோட்டா உள்ளே போனால், "பகலாகிவிட்டது" என்கிறது கல்லீரல். "நடு ராத்திரிடா" என்கிறது மூளை. இரண்டு பேரும் இரண்டு ஊர் நேரத்தில் வேலை செய்தால் கணக்கு எப்படி நேராகும்?

கேலி இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். 1999-இல் வெளியான ஒரு சோதனையில் 11 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு ராத்திரி தலா 4 மணி நேரம் மட்டுமே படுக்க விட்டார்கள். சர்க்கரையைச் சமாளிக்கிற திறன் தெளிவாகக் கெட்டது. 2004-இல் இன்னொரு சோதனை: 12 பேர், இரண்டே ராத்திரி, 4 மணி நேரத் தூக்கம். "போதும்" என்கிற லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, "பசிக்குது" என்கிற கிரெலின் 28 சதவீதம் கூடியது. 2009-இல் பத்துப் பேரின் தூக்க நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தபோது, முழு அளவீடு கிடைத்த எட்டுப் பேரில் மூன்று பேரின் சர்க்கரை, நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருப்பவரின் அளவுக்குப் போனது. சில நாட்களில்! ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 9 சதவீதம் அதிகம் என்று 2015-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு சொன்னது. 9 சதவீதம் சின்னதுதானே என்றால், ஒரு தனி ஆளுக்குச் சின்னதுதான். ஒரு தொழிற்பேட்டைக்குச் சின்னதில்லை.

வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாற்றிப் போடுகிற மேலாளர், வருஷாந்திர ஹெல்த் கேம்ப்பில் நின்று "வாயைக் கட்டுங்கள் தோழர்களே" என்று பேசினால் அதற்கு என்ன பெயர்? ரோஸ்டர் போடுகிற கையைக் கட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

*அலை போன பிறகு*

2004 டிசம்பர் 26. இந்தக் கரைக்கு அந்தத் தேதியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுனாமிக்குப் பிறகு, சென்னையைச் சேர்ந்த சர்க்கரை நோய் மருத்துவர் அ.ராமச்சந்திரனின் குழு, பாதிக்கப்பட்ட கடலோர மக்களையும் பாதிக்கப்படாத பகுதி மக்களையும் ஒப்பிட்டுப் பார்த்து 2006-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. மொத்தச் சர்க்கரை நோயாளிகளின் விகிதம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அலை அடித்த பகுதியில் மன அழுத்தம் கூடுதல். தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருந்தவர்களும், நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்தவர்களும் அங்கே கூடுதல். மன அழுத்தம் பெண்களிடம் அதிகமாகத் தெரிந்தது.

ஒரு ஆய்வை வைத்துக்கொண்டு "சுனாமிதான் சுகரைக் கொண்டுவந்தது" என்று அடித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் வழி இருக்கிறது. பயமும் துக்கமும் மூளையில் தொடங்கி, பிட்யூட்டரி வழியாக அட்ரினல் சுரப்பிக்குப் போகிறது. அங்கிருந்து கார்ட்டிசால் கிளம்புகிறது. "ஆபத்து, சர்க்கரையை வெளியே எடு" என்று கல்லீரலிடம் சொல்கிறது. புலி துரத்தினால் அது உயிரைக் காப்பாற்றும். கடனும், இடிந்த வீடும், திரும்பி வராத பிள்ளையும் வருஷக்கணக்கில் துரத்தினால்? கல்லீரலுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த வீட்டுப் பெண்மணியிடம் போய், "டீயில சக்கரை போட்டுக்கிறியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வருவதற்கு ஒரு மருத்துவமுறை தேவையா?

சென்னையில் 25,455 பேரிடம் எடுத்து 2009-இல் வெளியான கணக்கெடுப்பில் 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. மனச்சோர்வு உள்ளவருக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பும் கூடுகிறது. இருவழிப் பாதை. இதை வைத்து என்ன செய்ய முடியும் என்பதற்கும் விடை வந்துவிட்டது. சென்னை, பெங்களூரு, விசாகப்பட்டினம், டெல்லி ஆகிய நான்கு ஊர்களின் மருத்துவமனைகளில், சர்க்கரையும் கட்டுக்குள் வராமல் மனச்சோர்வும் உள்ள 404 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். மற்றொன்றுக்கு, கூடவே ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர், மனச்சோர்வுக்கான சிகிச்சை, மருத்துவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற ஏற்பாடு. மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது இறங்க வேண்டும், அப்போதுதான் வெற்றி என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷத்தில் புதிய முறையில் 71.6 சதவீதம் பேர் தேறினார்கள், பழைய முறையில் 57.4. முடிவு 2020-இல் வெளியானது. மனசைக் கவனித்தால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் மாறுகிறது. இது சொற்பொழிவு இல்லை, எண்ணிக்கை.

*குடிகாரன் என்று நினைத்தவர்*

பாதையின் இன்னொரு முனையையும் பார்க்க வேண்டும். மூளை உடம்பின் எடையில் 2 சதவீதம்தான். ஓய்வில் உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைத் தின்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ். தனக்கென்று பெரிய சேமிப்பு எதுவும் கிடையாது, அன்றாடங்காய்ச்சி. கல்லீரல் படியளந்தால்தான் அடுப்பு எரியும்.

இன்சுலின் போட்டுக்கொண்டோ சில வகை மாத்திரை போட்டுக்கொண்டோ, சாப்பிட நேரமில்லாமல் வெயிலில் அலைகிற ஒருவருக்கு ரத்தத்தில் சர்க்கரை 54-க்குக் கீழே போனால் என்ன ஆகும்? வியர்த்துக் கொட்டும். கை நடுங்கும். பேச்சு குழறும். நடை தள்ளாடும். கேட்டால் எரிந்து விழுவார். பஸ் நிலையத்தில் அப்படி ஒருவர் சரிந்தால், பார்க்கிறவர்கள் சொல்கிற முதல் வார்த்தை எல்லோருக்கும் தெரியும்: "காலையிலயே போட்டுட்டான் பாரு." மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போவார்கள். இரண்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரில் எழுந்து உட்காரக்கூடிய மனிதர் அங்கேயே கிடப்பார். (நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் கொடுக்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.)

கல்லீரல் கெட்டவர்களுக்கும் இதே அவமானம்தான். கல்லீரல் வடிகட்டாமல் விட்ட அம்மோனியா மூளைக்குப் போனால் ஆள் குழம்புவார், பகலில் தூங்கி இரவில் விழிப்பார், சம்பந்தமில்லாமல் பேசுவார். "கிழத்துக்குப் புத்தி கெட்டுப் போச்சு" என்று வீட்டிலேயே சொல்வார்கள். நீண்ட காலச் சர்க்கரை நோய் பிற்காலத்தில் மறதி நோய்க்கான அபாயத்தைக் கூட்டுகிறது என்பதும் இன்று உலக அளவில் ஏற்கப்பட்ட விஷயம். "எத்தனை வாட்டி சொன்னாலும் மாத்திரையை மறந்துடறார், அலட்சியம்" என்று திட்டு வாங்குகிறவரில் எத்தனை பேருக்கு அந்த மறதியே நோயின் வேலையோ?

*அப்போ யாருக்கும் பொறுப்பே இல்லையா?*

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வரட்டும். சாப்பாடு முக்கியமில்லை, நடக்க வேண்டாம், ஜாங்கிரியை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அதே ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்தவர்களுக்கு உணவு, நடை ஆகியவற்றில் வழிகாட்டியபோது, நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மூன்று வருஷத்தில் வழிகாட்டப்படாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, வழிகாட்டப்பட்டவர்களில் 39.3 சதவீதம். வாழ்க்கை முறை மாற்றம் வேலை செய்கிறது. ஆனால் அங்கே நடந்தது வழிகாட்டல், மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பேசுவது. திட்டுவது இல்லை. அதோடு, அவ்வளவு செய்தும் 39.3 சதவீதம் பேருக்கு நோய் வந்ததே, அவர்களெல்லாம் வாயைக் கட்டாதவர்களா?

செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே இதைவிட நல்ல பாடம் இருக்கிறது. அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த சுணாம்பேடு. 2006-இல் அதைச் சுற்றியுள்ள 42 கிராமங்களில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று, டாக்டர் வி.மோகன் தலைமையில், இஸ்ரோவின் செயற்கைக்கோள் தொடர்போடு ஒரு வேனை ஓட்டியது. கண், கால், இதயம் எல்லாம் வேனிலேயே பரிசோதனை. படங்கள் சென்னைக்குப் போகும், ஆலோசனை திரும்பி வரும். வயது வந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு மேல் பரிசோதிக்கப்பட்டார்கள். ஒரே வருஷத்தில் நோயாளிகளின் சராசரி ஹெச்பிஏ1சி 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது. மேல் சிகிச்சைக்குச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. சுணாம்பேட்டு ஜனங்களுக்கு 2006-இல் திடீரென்று மன உறுதி பொங்கிவிட்டதா என்ன? வைத்தியம் வாசலுக்கு வந்தது. அதுதான் வித்தியாசம்.

பொறுப்பு என்பது தட்டில் இருக்கிற பண்டம் மாதிரி. எல்லாவற்றையும் ஒரே இலையில் கொட்டினால் அவர் எப்படிச் சாப்பிடுவார்? நோயாளிக்கு ஒரு பங்கு, வைத்தியருக்கு ஒரு பங்கு, முதலாளிக்கு ஒரு பங்கு, அரசுக்கு ஒரு பங்கு, பந்தியில் கத்துகிற மாமாவுக்கும் ஒரு பங்கு.

இந்தக் கட்சிக்கு எதிர்த் திசையில் இன்னொரு கட்சி கிளம்பியிருக்கிறது, அதையும் விடக்கூடாது. "எல்லாம் மனசுதான் காரணம், மனசு வைத்தால் மருந்தே வேண்டாம், மூன்று நாளில் சர்க்கரையை விரட்டுகிறோம்" என்று முகாம் போடுகிறவர்கள். மூளைக்கும் கணையத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை இவர்களும் மேற்கோள் காட்டுவார்கள். தொடர்பு இருப்பது வேறு, ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாக நிற்பது வேறு. டைப்-1 நோயாளியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துவிட்டன. எவ்வளவு நல்லெண்ணம் நினைத்தாலும் அவை திரும்ப முளைக்காது. ஊசியை நிறுத்தினால் சில நாட்களில் உயிர் போகும். "வாயைக் கட்டு" கட்சியும் "மனசை மாற்று" கட்சியும் பார்வைக்கு எதிரிகள். உண்மையில் பங்காளிகள். சர்க்கரை இறங்கவில்லை என்றால் இருவருமே கடைசியில் நோயாளியின் தலையில்தான் பழியைப் போடுவார்கள்.

ஒல்லியாக இருப்பதால் தான் தப்பித்துவிட்டதாக நினைப்பவர்களுக்கும் ஒரு சேதி. 2004-இல் புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், தன்னையும் லண்டன் நண்பர் யுட்கினையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படம் வெளியிட்டார். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கான பிஎம்ஐ இருவருக்கும் 22.3. உடம்பில் கொழுப்பு, ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2. தோற்றத்தைப் பார்த்து யார் தவசி, யார் பூனை என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

*என்ன செய்யலாம்?*

கேட்பதற்குப் பெரிய பட்டியல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாதிரி மாத்திரை வீடு தேடி வருகிற ஏற்பாட்டில், மாத்திரையோடு இரண்டு கேள்வியும் வரட்டும்: "இந்த ரெண்டு வாரமா மனசு சோர்ந்து கிடக்குதா? எதுலயும் பிடிப்பு இல்லாம இருக்குதா?" காசு செலவில்லாத கேள்விகள். ஆமாம் என்று சொல்கிறவருக்குப் போக ஒரு இடம் இருக்கட்டும். சர்க்கரை நோய் ஓ.பி.யும் மனநல ஓ.பி.யும் ஒரே வளாகத்தில் இருந்துகொண்டு ஒன்றையொன்று தெரியாத மாதிரி நடந்துகொள்வது நிற்கட்டும். தொழிற்சாலைகள் ஹெல்த் கேம்ப்புக்குப் பேனர் அடிக்கிற காசில், ஷிஃப்ட் மாறும் வேகத்தைக் குறைத்து, ராத்திரி கேன்டீனில் பரோட்டாவைத் தவிர வேறு எதையாவது போடட்டும். பஸ் கண்டக்டருக்கும் போலீஸ்காரருக்கும், தள்ளாடுகிற எல்லோரும் குடித்தவர்கள் இல்லை என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கட்டும். நாளைக்கு ஓ.பி.யில் உட்காரப்போகிற மாணவர்கள், ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் "ராத்திரி தூக்கம் எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்கப் பழகட்டும்.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய கட்டத்தில். 10 கோடிப் பேருக்கு ஒரே சமயத்தில் ஒழுக்கம் கெட்டுப்போனது என்று நம்புவதற்கு நிறைய மன உறுதி வேண்டும்.

அடுத்த முகூர்த்தத்தில் பந்தியில் உட்காரும்போது பக்கத்து இலையை எட்டிப் பார்க்கத் தோன்றினால், அப்போது யாராவது ஒருவர் வாயைக் கட்டிக்கொள்ளலாம். எட்டிப் பார்க்கிறவர்.

டிஸ்கி: மேலே இருப்பது எதுவும் மாத்திரையையோ ஊசியையோ நிறுத்துவதற்கான அனுமதிச் சீட்டு இல்லை. அதற்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும், திட்டாத டாக்டராகப் பார்த்து.